வில்லிவாக்கம் இல்லாத வில்லிவாக்கம் ஒன்றியம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

இன்னைக்கு நாம பார்க்கப்போறது ஒரு சின்ன நிர்வாகப் பகுதி: வில்லிவாக்கம் ஊராட்சி ஒன்றியம். திருவள்ளூர் மாவட்டத்தின் 14 ஒன்றியங்களில் ஒண்ணு. பக்கத்துப் பூந்தமல்லி ஒன்றியத்தில் 28 ஊராட்சிகள் இருக்கு. இதில் 13தான்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. வில்லிவாக்கம் இந்த ஒன்றியத்திலேயே இல்லை. அது சென்னை மாநகராட்சிக்குள் இருக்கு. ஒன்றிய அலுவலகம் இருக்கிறது அம்பத்தூரில். அம்பத்தூரும் மாநகராட்சிதான். அப்போ இந்த ஒன்றியம் எங்கேதான் இருக்கு?

துண்டு துண்டாக ஒரு வரைபடம்

ஆவடிக்கு வடக்கே, செங்குன்றம் பக்கமாகப் போனால் வெள்ளானூர், மோரை, அலமாதி, பாண்டேஸ்வரம் வரும். இன்னும் வயலும் ஏரியும் கண்ணில் படுகிற பகுதி. அலமாதியில் மத்திய அரசின் கால்நடைப் பண்ணையே இருக்கு.

தெற்கே கூவம் ஓரத்தில் வானகரம், அடையாளம்பட்டு. பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி, முழுக்க நகரமாகவே மாறிவிட்ட ஊர்கள். நடுவில் அயப்பாக்கம். வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள் நிறைந்த இடம். பார்க்கிறவர் யாரும் இதை 'கிராமம்'னு சொல்லமாட்டாங்க. ஆனா நிர்வாகக் கணக்கில் அது கிராம ஊராட்சி.

இந்தத் துண்டுகளுக்கு நடுவே ஆவடி, அம்பத்தூர், அரக்கோணம் ரயில் பாதை. அலமாதியிலிருந்து வானகரம் போகணும்னா, ஒன்றியத்தை விட்டு வெளியே வந்துதான் மறுபடி உள்ளே நுழையணும்.

ஏன் இப்படி ஆச்சு?

இந்தப் பகுதியெல்லாம் ஒரு காலத்தில் செங்கல்பட்டு மாவட்டம். 1958ல் வந்த சென்னை ஊராட்சிகள் சட்டத்தின் கீழ்தான் ஊராட்சி ஒன்றியங்கள் உருவாச்சு. நோக்கம் விவசாய கிராமங்களின் வளர்ச்சி.

அடுத்த சில வருஷங்களிலேயே நிலைமை மாறிடுச்சு. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. வேலை தேடி ஆட்கள் வந்தாங்க, மனைகள் விற்றன, ஊர்கள் நகராட்சிகளாச்சு.

பிறகு 1997ல் திருவள்ளூர் தனி மாவட்டம். 2011ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது அம்பத்தூர் உள்ளே போனது. 2018ல் அம்பத்தூர், மதுரவாயல் எல்லாம் சென்னை மாவட்டத்திலும் சேர்ந்தன. 2019ல் ஆவடியே மாநகராட்சி. நகரம் எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருப்பதுதான் இன்றைய ஒன்றியம்.

சரி, இதனால் நமக்கு என்ன?

நிறைய இருக்கு. கிராம ஊராட்சியில் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறாங்க. மாநகராட்சி மேயரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறாங்க. ஊராட்சியில் கிராம சபை உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துக்கு ஆறு தடவை, வாக்காளர் யாரும் எழுந்து வரவு செலவுக் கணக்கு கேட்கலாம். ஊரக வேலை உறுதித் திட்டமும் கிராமப்புறத்துக்கு மட்டும்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கு. அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கிற இடத்தில் பாதாளச் சாக்கடை, குப்பை, குடிநீர் இதையெல்லாம் ஒரு சின்ன ஊராட்சியின் வருமானத்தில் சமாளிப்பது கஷ்டம். அதனால் மாநகராட்சியோடு சேரணும்னு அயப்பாக்கம் மாதிரி இடத்தில் ஒருத்தர் சொன்னால் அதிலும் நியாயம் இருக்கு. அலமாதியில் ஊரக வேலைத் திட்டத்தை நம்பியிருக்கிற ஒரு அம்மா வேண்டாம்னு சொன்னால் அதிலும் நியாயம் இருக்கு. ரெண்டு பேரும் ஒரே ஒன்றியம்.

2025 ஜனவரித் தொடக்கத்தில் ஆவடி மாநகராட்சியைச் சுற்றுப்புற ஊராட்சிகளோடு விரிவாக்கும் அறிவிப்பு வந்தது. அதே ஜனவரி 5ஆம் தேதி ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. ஊரின் தலையெழுத்தைப் பேச வேண்டிய நேரத்தில், ஊர் தேர்ந்தெடுத்த தலைவர் நாற்காலியில் இல்லை. எந்தப் பக்கம் நின்றாலும் இது கவனிக்க வேண்டிய விஷயம்.

இந்தப் பக்கம் குடியிருக்கிறவங்க ஒரு வேலை பண்ணுங்க. உங்க வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க. மேலே 'கிராம ஊராட்சி'னு இருந்தால், அடுத்த கிராம சபை தேதியைக் காலண்டரில் குறிச்சு வைங்க. போய் உட்காருங்க, கேளுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.