எந்த ஊரு வானத்துக்கு எழுதின பத்திரிகை?



நம்ம பள்ளி நூலகத்துக்கு இந்த வருஷம் ஒரு அறிவியல் பத்திரிகைக்குச் சந்தா கட்டலாம்னு தலைமையாசிரியை சொல்லியிருக்காங்க. ஒண்ணே ஒண்ணுதான். சாயங்காலம் மைதானத்துல வானம் பார்க்கிற எங்க கூட்டத்துக்கிட்டதான் எந்தப் பத்திரிகைன்னு கேட்டிருக்காங்க. எட்டாவதுல ரெண்டு பேரு, ஒன்பதாவதுல நாலு பேரு, ஆக மொத்தம் ஆறு பேரு. ஆறு பேருக்குள்ளயே இப்போ ரெண்டு கட்சி! மூணு பேரு வெளிநாட்டுல இருந்து வர்ற கலர் பத்திரிகைதான் வேணும்னு நிக்கிறாங்க. மூணு பேரு வேண்டாம்னு சொல்றோம். அதனால எல்லாரையும் ஓட்டுப் போடச் சொல்லிட்டாங்க டீச்சர். ஓட்டுப் போடுறதுக்கு முன்னாடி ஒரு வானியல் பத்திரிகையை எப்படிப் பார்த்து எடுக்கணும்னு நீங்க தெரிஞ்சுக்கணும் இல்லையா? அதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

வானியலுக்குன்னே வர்ற பத்திரிகைகள்ல ரொம்பப் பெயர் பெற்றது அமெரிக்காவின் 'ஸ்கை அண்ட் டெலஸ்கோப்'. 'ஸ்கை'ன்னு ஒண்ணு, 'டெலஸ்கோப்'னு ஒண்ணு, ரெண்டு பத்திரிகையும் 1941-ல் ஒண்ணாச் சேர்ந்து இந்தப் பெயர் வந்தது. அதே நாட்டில் 1973-ல் ஆரம்பித்தது 'அஸ்ட்ரானமி'. இங்கிலாந்தில் பிபிசி தொலைக்காட்சியில் 1957-லிருந்து வரும் நிகழ்ச்சியின் பெயரிலேயே 2005-ல் வந்த பத்திரிகை 'ஸ்கை அட் நைட்'. என் சித்தப்பா சென்னையில் பழைய புத்தகக் கடையிலிருந்து இதில் சில இதழ்கள் வாங்கிட்டு வந்தார். அதை நாங்க எல்லாரும் மாத்தி மாத்திப் படிச்சிருக்கோம். காகிதமே கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும். படங்களைப் பத்திச் சொல்லவே வேண்டாம்.

இந்த மாதிரிப் பத்திரிகையை எடுத்ததும் எல்லாரும் அட்டைப்படத்தைப் பார்ப்பீங்க. நான் சொல்றது, நேரா நடுப்பக்கத்துக்குப் போங்க. அங்கே அந்த மாத வான்வரைபடம் இருக்கும். வட்டமா இருக்கும், வட்டத்தைச் சுத்தி திசைகள் போட்டிருக்கும். (கிழக்கு இடது பக்கம் இருக்கேன்னு குழம்பாதீங்க. அந்தப் படத்தைத் தலைக்கு மேல பிடிச்சுப் பார்க்கணும். அப்போ எல்லாத் திசையும் சரியா வந்துடும்.) அந்தப் படத்துக்குப் பக்கத்துல பொடி எழுத்துல ஒரு வரி இருக்கும். எந்த அட்சரேகையில் இருக்கிறவங்களுக்காக வரைந்ததுன்னு அதுல போட்டிருக்கும். என்னைக் கேட்டா முழுப் பத்திரிகையிலும் முதல்ல படிக்க வேண்டியது அந்த வரியைத்தான்!

அமெரிக்கப் பத்திரிகையில் பெரும்பாலும் வடக்கு 40 டிகிரிக்கு வரைவாங்க. நியூயார்க் கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கு. லண்டன் 51 டிகிரிக்கும் மேலே. நம்ம திருச்சிப் பக்கம் 11-க்கும் கொஞ்சம் கம்மி. நிலவரைபடத்தை எடுத்து நீங்களே பாருங்க.

இதனால என்ன ஆகும்? துருவ நட்சத்திரத்தை எடுத்துக்குவோம். ஒரு ஊர் எத்தனை டிகிரி வடக்கே இருக்கோ, அந்த ஊர்ல துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து அத்தனை டிகிரி உயரத்தில் தெரியும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினா அது சுமார் 10 டிகிரி. ஆக நமக்குத் துருவ நட்சத்திரம் ஒரே ஒரு முஷ்டி உயரத்துலதான் இருக்கு. தென்னைமரம் ஒண்ணு குறுக்கே நின்னாப் போச்சு! நியூயார்க்காரங்களுக்கு நாலு முஷ்டி, லண்டன்காரங்களுக்கு அஞ்சு முஷ்டிக்கும் மேலே. அவங்க படத்தில் சப்தரிஷி மண்டலம் மறையாம துருவத்தையே சுத்திக்கிட்டு இருக்கும். நம்ம ஊர்ல அது சாதாரணமா உதிக்கும், மறையும்.

வடக்கே நமக்குக் குறையுறதெல்லாம் தெற்கே கூடுது. இதைத்தான் நான் முக்கியமாச் சொல்ல வந்தேன். அகத்திய நட்சத்திரம்னு நம்ம தாத்தா பாட்டி சொல்றது, வானத்திலேயே இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம். நமக்குத் தெற்கே ரெண்டரை முஷ்டிக்கு மேலே ஜம்முன்னு தெரியும். 40 டிகிரிக்கு வரைந்த படத்தில் அது கிடையவே கிடையாது, ஏன்னா அங்கே அது உதிக்கிறதே இல்லை! திரிசங்கு என்கிற தென்சிலுவையும் அப்படித்தான். மே மாத இரவுகளில் நம்ம தெற்கு அடிவானத்துக்கு மேலே நிற்கும், அந்தப் படத்தில் இருக்காது. விருச்சிகத்தில் இருக்கிற கேட்டை நட்சத்திரம் லண்டனில் ஒரு முஷ்டி உயரத்தைக் கொஞ்சம்தான் தாண்டும், தேளின் வால் முழுசா எழும்பாது. நமக்கோ கேட்டை அஞ்சு முஷ்டி உயரம், வால் கொடுக்கோட முழுத்தேளும் தெரியும். அப்போ அந்தப் படத்தை மட்டும் நம்பி மைதானத்துக்குப் போற பிள்ளை, தலைக்கு நேரா இருக்கிறதையும் தெற்கே இருக்கிறதையும் விட்டுட்டு, வடக்கே இல்லாததைத் தேடிக்கிட்டு இருக்கும்.

எரிநட்சத்திரப் பொழிவும் இதே கதைதான். பெர்சீட்ஸ் பொழிவை ஆகஸ்ட் மாதம் அந்தப் பத்திரிகைகள் அட்டையிலேயே போட்டுக் கொண்டாடும். அது கிளம்புற இடம் வடக்கே ரொம்பத் தள்ளி இருக்கு. நமக்கு நடுராத்திரிக்கு அப்புறம்தான் ஓரளவு மேலே வரும். நமக்கு நல்லது டிசம்பர் 13, 14 தேதி ஜெமினிட்ஸ். அது மிதுனத்திலிருந்து வர்றதால நமக்கு நல்ல உயரத்தில் இருக்கும், மழை மேகம் மட்டும் வழிவிடணும். மே மாதம் 5, 6 தேதிகளில் விடியற்காலையில் வர்ற ஈட்டா அக்வாரிட்ஸ், வடக்கே இருக்கிறவங்களைவிட நமக்கு நல்லாவே தெரியும். ஆனா அந்தப் பத்திரிகையில் அதுக்குக் கொஞ்சம் இடம்தான்.

நிழலில்லா நாள் தெரியும்தானே? ஏப்ரல் மூன்றாவது வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் நம்ம பக்கம் சூரியன் உச்சிக்கு நேரா வந்து கொடிக்கம்பத்து நிழல் காலடியிலேயே விழுமே, அது நியூயார்க்கிலும் லண்டனிலும் எந்த வருஷமும் நடக்காது. அங்கே நடக்காததை அவங்க எதுக்கு எழுதப் போறாங்க? அவங்க மேல தப்பில்லை. அவங்க ஊருக்கு அவங்க எழுதுறாங்க.

இன்னொண்ணு நேரம். வியாழனோட நாலு பெரிய நிலாக்களில் ஒண்ணு இத்தனை மணிக்கு வியாழனுக்குப் பின்னாடி மறையும்னு அட்டவணை போட்டிருப்பாங்க. அமெரிக்கக் கிழக்குக்கரை நேரப்படி இரவு 9 மணின்னா, நமக்கு மறுநாள் காலை 7.30. (அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைப்பாங்க, அப்போ 6.30.) நாம பிரேயருக்குக் கிளம்பிக்கிட்டு இருக்கும்போது வியாழனை எங்கே பார்க்கிறது! உலகப் பொதுநேரத்தில் போட்டிருந்தா வசதி. அஞ்சரை மணி நேரம் கூட்டினா நம்ம நேரம் வந்துடும். அங்கே 15.00-ன்னா இங்கே இரவு 8.30, அருமையா பார்க்கலாம்.

எதிர்க்கட்சிக்காரங்க சொல்றதையும் சொல்லணும், இல்லேன்னா நியாயமில்லை. படங்களைப் பார்த்துத்தான் சின்னப் பிள்ளைங்க வானியலுக்கே வருவாங்கன்னு அவங்க சொல்றாங்க. அது உண்மை, எங்க கூட்டத்தில் ரெண்டு பேரு அப்படி வந்தவங்கதான். ஆனா ஓரியன் நெபுலா பத்திரிகையில் ரோஜாப்பூ நிறத்தில் இருக்கும். பைனாகுலர்ல பார்த்தா சாம்பல் நிறத்தில் புகை மாதிரி ஒரு திட்டு, அவ்வளவுதான். நம்ம கண்ணுக்கு அவ்வளவு மங்கலான வெளிச்சத்தில் நிறம் தெரியாது, கேமரா ரொம்ப நேரம் திறந்து வச்சு ஒளியைச் சேர்க்குது. இதை யாராவது முன்கூட்டியே சொல்லலேன்னா முதல் நாளே பிள்ளைங்க ஏமாந்து போயிடுவாங்க. அப்புறம் டெலஸ்கோப் விளம்பரம் பக்கம் பக்கமா வருது. பெருமூச்சுதான் மிச்சம்.

நம்ம நாட்டுப் பத்திரிகைகள் எப்படின்னு கேட்பீங்க. விஞ்ஞான் பிரசார்னு மத்திய அரசு நிறுவனம் ஒண்ணு 'ட்ரீம் 2047' என்ற மாத இதழை 1998-லிருந்து நடத்தியது. அதில் நாக்பூருக்கு வரைந்த வான்வரைபடம் போட்டாங்க. நாக்பூர் 21 டிகிரி, நமக்கு எவ்வளவோ கிட்ட. ஆனா அந்த நிறுவனத்தையே 2023-ல் மூடிட்டாங்க. பழைய இதழ் கிடைச்சா விடாதீங்க. 'சயின்ஸ் ரிப்போர்ட்டர்' 1964-லிருந்து வருது, எல்லா அறிவியலும் கலந்து இருக்கும், ஆங்கிலம். 'ரெசொனன்ஸ்' கல்லூரி அளவுக்கு, ஆசிரியர்கள் படிக்கலாம்.

தமிழில் 'துளிர்' இருக்கு. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-லிருந்து நடத்துற சிறுவர் அறிவியல் மாத இதழ். வானியலுக்கு மட்டுமான பத்திரிகை இல்லைதான். ஒரு மாசம் பூச்சி இருக்கும், ஒரு மாசம் கணக்கு இருக்கும். ஆனா ஆறாம் வகுப்புப் பிள்ளையும் டீச்சர் உதவி இல்லாம படிச்சுடும். வெளிநாட்டுப் பத்திரிகைக்கு ஒரு வருஷம் கட்டுற காசு இதுக்குக் கட்டுறதைப் போல பல மடங்கு. நூலகத்துக்கு வர்ற பத்திரிகையை ஆறு பேரு படிச்சாப் போதுமா, இருநூறு பேரு படிக்கணுமா? அதனால என் ஓட்டு துளிருக்கு.

அப்போ வான்வரைபடத்துக்கு என்ன செய்யறதுன்னு எதிர்க்கட்சி கேட்குது. நல்ல கேள்வி. அதை நாமளே வரைஞ்சுடலாம்! ஸ்டெல்லேரியம்னு இலவச மென்பொருள் இருக்கு. பள்ளிக் கணினியில் போட்டு நம்ம ஊரைக் கொடுத்தா நம்ம அட்சரேகைக்கே வானத்தைக் காட்டும். அதைப் பார்த்து சார்ட் பேப்பர்ல காம்பஸ் வச்சு வட்டம் போட்டு, பிரகாசமான நட்சத்திரங்களை மட்டும் குறிச்சா ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. நட்சத்திரங்கள் தினமும் 4 நிமிஷம் முன்னாடியே உதிக்கும், மாசத்துக்கு 2 மணி நேரம். அதனால இந்த மாசம் இரவு 9 மணிக்கு வரைஞ்ச படம் அடுத்த மாசம் 7 மணிக்குச் சரியா இருக்கும். பன்னிரண்டு படம் வரைஞ்சுட்டா நமக்கு அப்புறம் வர்றவங்களுக்கும் அதே படம் உதவும்.

கோள்களை மட்டும் அதுல மையால போடக் கூடாது, பென்சில்தான். ஏன்னா அது வருஷா வருஷம் மாறும். வீட்டுல குருப்பெயர்ச்சி வருஷத்துக்கு ஒரு தடவை, சனிப்பெயர்ச்சி ரெண்டரை வருஷத்துக்கு ஒரு தடவைன்னு சொல்றாங்களே, அது வேற ஒண்ணுமில்லை. வியாழன் சூரியனைச் சுத்த சுமார் 12 வருஷம், சனி சுமார் 29 வருஷம். ராசி 12, வகுத்துப் பாருங்க. பழைய புத்தகக் கடையில் வாங்கின இதழ்லயும் இதே கணக்குத்தான். நட்சத்திரத்துக்கு நம்பலாம், கோளுக்கு நம்பக் கூடாது.

ஓட்டுப் பெட்டி நூலக மேசை மேல இருக்கு. சீட்டில் பத்திரிகை பெயரை மட்டும் எழுதுங்க, உங்க பெயர் வேண்டாம். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு மணிக்குள்ள போட்டுடணும். எதிர்க்கட்சியின் கட்டுரை நாளைக்கு இதே சுவரில் வரும், அதையும் படிச்சுட்டுப் போடுங்க. படம் வரைய வர விருப்பம் உள்ளவங்க காம்பஸும் கருப்பு ஸ்கெட்ச் பேனாவும் எடுத்துக்கிட்டு ஞாயிறு காலை பத்து மணிக்கு வாங்க. சார்ட் பேப்பர் டீச்சர் தர்றேன்னு சொல்லியிருக்காங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி