வண்டி அதிர்வது ஏன்?

நோயாளியிடம் மருத்துவர், "எப்போது வலிக்கிறது? எதனைச் செய்தால் கூடுகிறது?" என்று கேட்கிறார். வாய் பேசாத இயந்திரத்திடமும் அவ்வாறு கேட்கலாம், விடையும் பெறலாம். இதனை நான் வகுப்பறையில் கற்கவில்லை. விளாங்குடியில், எங்கள் வீட்டு வாசலில் கற்றேன்.

என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுபவர். எங்களிடம் ஒரு பழைய அம்பாசிடர் உண்டு. திருமண ஊர்வலத்திற்கு இன்றும் அதனை விரும்பிக் கேட்கிறார்கள். உத்தரபாராத் தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆகவே வெளியார் செய்து விற்கும் உதிரிப் பாகங்களையே பெரும்பாலும் நாட வேண்டியுள்ளது. சென்ற மார்கழியில் ப்ரொப்பெல்லர் ஷாப்ட் தேய்ந்துபோகவே, அம்மாவின் வளையலை அடகு வைத்துப் புதியது வாங்கினோம். தை முகூர்த்தங்களுக்கு முன்பணமும் வாங்கியாயிற்று.

புதுத் தண்டைப் பூட்டிய அன்றே தொல்லை தொடங்கியது. மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டியதும் தரையும் இருக்கையும் உறுமின. 60-இல் கண்ணாடிகள் நடுங்கின. "பூட்டத் தெரியாமப் பூட்டிட்டான்" என்று பட்டறையில் வேலை பார்க்கும் தம்பியை அப்பா கடிந்துகொண்டார். அவனோ, "இல்லங்கய்யா, சரியாத்தான் பூட்டினேன்" என்று கண்கலங்கினான். நானும் இயற்பியல் மாணவன் என்ற மிதப்பில், "சக்கரத்தில்தான் குறை" என்று தீர்ப்புச் சொன்னேன். நான்கு சக்கரங்களுக்கும் பேலன்சிங் பார்த்தோம். பணம் போயிற்று, அதிர்வு போகவில்லை.

பின்னரே முறையாக ஆராயத் துணிந்தேன். முதலில் இத்தண்டின் பணியைக் காண்போம். முன்னால் உள்ள கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு ஆற்றலைக் கொண்டு செல்வது இதுவே. பின் அச்சு பட்டை வில்லின் மேல் ஏறி இறங்குவதால், தண்டின் இரு முனைகளிலும் வளைந்து கொடுக்கும் மூட்டுகள் தேவை. 16-ஆம் நூற்றாண்டில் கார்டானோவும், 17-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக்கும் இம்மூட்டோடு தொடர்புடையவர்கள். ஆம், நாம் மீள்தன்மைப் பாடத்தில் படிக்கும் அதே ஹூக்தான்! பட்டறையில் இதன் நடுப்பகுதியைக் 'கிராஸ்' என்பர்.

இம்மூட்டுக்கு ஓர் இயல்பு உண்டு. அது கோணத்தில் இயங்கும்போது, ஒருபுறம் சீராகச் சுழன்றாலும் மறுபுறம் சீராகச் சுழலாது. கோணம் 10 பாகையாயின், நிமிடத்திற்கு 1500 சுற்று என்னும் வேகம் மறுபுறத்தில் 1477-க்கும் 1523-க்கும் இடையே ஊசலாடும்; அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை. இரு முனைகளின் கவைகளும் ஒரே தளத்தில் அமைந்து, இரு கோணங்களும் சமமாக இருந்தால், ஒன்றின் குறையை மற்றது நீக்கிவிடும். இல்லையேல் அதிர்வு பிறக்கும்.

இரண்டாவது காரணம் எடைச் சமனின்மை. 60 கிலோமீட்டர் வேகத்தில், இரண்டு மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் விநாடிக்கு எட்டு முறை சுழலும். கிரவுன் பல்விகிதத்தை ஏறத்தாழ நாலரை என்று கொண்டால், தண்டு 37 முறை சுழலும். அதன் மையத்திலிருந்து 4 சென்டிமீட்டர் தொலைவில் வெறும் 20 கிராம் மிகுதியாக இருந்தால், நாலரைக் கிலோ எடைக்குச் சமமான விசை சுற்றிச் சுற்றி இழுக்கும். வேகம் பாதியானால் விசை கால்பங்காகும். மெதுவாகச் செல்கையில் குறை மறைந்திருப்பது இதனாலேயே.

இனிச் சோதனைகள். திண்டுக்கல் சாலையில், நெரிசல் இல்லாத விடியற்காலையில், பரவையைக் கடந்து சமயநல்லூர் நோக்கிச் சென்றோம்.

முதலாவது: அதே 60-இல் மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் ஓட்டினோம். எஞ்சின் வேகம் மாறியது, அதிர்வு மாறவில்லை. நியூட்ரலில் உருளவிட்டபோதும் அது நீடித்தது. ஆகவே குறை எஞ்சினிலோ கிளட்சிலோ இல்லை.

இரண்டாவது: விநாடிக்கு எட்டு என்பது தடதடப்பு, 37 என்பது உறுமல். எங்கள் வண்டி உறுமியது, ஸ்டீயரிங் ஆடவில்லை. என் முதல் தீர்ப்பு பிழை என்பது இங்கேயே விளங்கியது.

மூன்றாவது: ஆக்சிலேட்டரை மிதிப்பதாலும் விடுவதாலும் பின் அச்சு சற்றே திரும்பி, மூட்டின் கோணம் மாறும். கோணக் குறையாயின் அதிர்வும் அதற்கேற்ப மாறவேண்டும். மாறவில்லை. கவைகளும் ஒரே தளத்தில் இருந்தன. கிராஸில் ஆட்டமில்லை.

நான்காவது: முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் அச்சையே தாங்கிகளில் நிறுத்தினோம். உடலைத் தூக்கினால் அச்சு தொங்கிக் கோணம் கெடும் என்பதை நினைவில் கொள்க. பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டியபோதும் உறுமல் இருந்தது. தண்டு சுழல்கையில் எவரும் அடியில் செல்லலாகாது. எஞ்சினை நிறுத்திய பின்னரே கை வைக்கவேண்டும்.

பழைய தண்டை எடுத்துப் பார்த்தோம். அதன் குழாயில் சிறு இரும்புத் துண்டுகள் பற்றவைக்கப்பட்டிருந்தன. சமன் செய்த அடையாளம் அது. புதியதில் பளபளக்கும் வர்ணம் மட்டுமே! அது மட்டும் சான்றாகாது என்பதால், பின்முனையருகே ஒரு ஹோஸ் கிளிப்பை இறுக்கினோம். அதன் திருகுத் தலையே எடை. அதனைக் கால் சுற்றாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்தோம். ஓரிடத்தில் அதிர்வு கூடியது. நேரெதிரே வெகுவாகக் குறைந்தது. ஐயம் தீர்ந்தது.

கிளிப் ஒரு சோதனைக் கருவியே. தண்டை முறையாகச் சமன் செய்து எடை பற்றவைக்கக் கொடுத்தோம். அப்படியே ஓட்டியிருந்தால் பினியன் பேரிங்கும் கியர் பாக்ஸ் சீலும் கெட்டிருக்கும்.

முதல் முகூர்த்தத்திற்கு வண்டி அமைதியாகச் சென்றது. அன்று மாலை அப்பா பட்டறைக்குச் சென்று, "தப்பா நெனச்சுட்டேன்ப்பா" என்று அத்தம்பியின் தோளைத் தொட்டார். நானும் தலைகுனிந்து நின்றேன். சோதிக்காமல் தீர்ப்புச் சொன்னதில் எனக்கும் பங்குண்டு அன்றோ? இயந்திரமாயினும் மனிதராயினும், கேள்வியைக் கேட்டுவிட்டுப் பின்னர்க் குற்றம் சாட்டுவதே அறிவியல் நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.