என்ஜினில் சேரும் ஆயில் சகதி... ஒரு பாட்டில் அடிட்டிவ் ஊத்தினா சரியாகிடுமா? வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

"வண்டி ரொம்ப ஓடிடுச்சு சார். உள்ளே சகதி சேர்ந்திருக்கும். ஆயில் மாத்தும்போது இந்த பாட்டிலையும் சேர்த்து ஊத்திடலாமா?"

கார், பைக் சர்வீஸுக்கு விடும் பலரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். சில நூறு ரூபாய்தானே என்று தலையாட்டுபவர்கள் உண்டு. பில்லை ஏற்றப் பார்க்கிறார்கள் என்று மறுப்பவர்களும் உண்டு. இரண்டு பேர் எடுத்த முடிவுமே தவறாகிப் போகலாம். ஏனென்றால், இந்த பாட்டில்கள் சில இடங்களில் உண்மையிலேயே உதவும். சில இடங்களில் நன்றாக ஓடும் என்ஜினையே சீஸ் ஆக்கிவிடும். எது எப்போது என்று பார்க்கலாம்.

சகதி எங்கிருந்து வருது?

என்ஜின் ஆயில் எப்போதும் சூட்டில் வேலை செய்கிறது. சூடான ஆயில் காற்றுடன் சேரும்போது மெல்ல மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டியாகிறது. இதோடு பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் கீழே இறங்கும் எரிந்த வாயு, கரித்துகள், எரியாத பெட்ரோல், ஈரப்பதம் எல்லாம் கலக்கின்றன. கடைசியில் தார் போன்ற கறுப்புப் பிசின் உருவாகிறது. இதைத்தான் ஆங்கிலத்தில் 'ஸ்லட்ஜ்' என்கிறார்கள்.

தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கும் வண்டியில் இது சீக்கிரம் வரும். என்ஜின் முழுச் சூட்டுக்கு வராததால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறாது. டிராஃபிக்கில் ஊர்ந்து செல்லும் வண்டிக்கும் இதே கதிதான். மீட்டரில் 5,000 கி.மீ. என்றுதான் காட்டும். ஆனால், சிக்னலில் நின்றபடியே என்ஜின் ஓடிய நேரம் அந்தக் கணக்கில் வராது. அதனால்தான் பல நிறுவனங்களின் கையேட்டில், கடினமான சூழலில் ஓடும் வண்டிகளுக்கு ஆயிலை இன்னும் சீக்கிரமே மாற்றச் சொல்லித் தனி அட்டவணை இருக்கும். அதை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான் சோகம்.

சகதி சேர்ந்தா என்ன ஆகும்?

என்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் சம்ப்பில் சல்லடை போன்ற ஸ்ட்ரெய்னர் ஒன்று இருக்கும். ஆயில் பம்ப் அதன் வழியாகத்தான் ஆயிலை உறிஞ்சும். சகதி அந்தச் சல்லடையை அடைத்துவிட்டால் மேலே ஆயில் ஏறாது. கேம்ஷாஃப்ட், பேரிங், டர்போ எல்லாம் காய்ந்துபோய் உரசும். டேஷ்போர்டில் சிவப்பு நிற ஆயில் விளக்கு எரியும்போது பல நேரங்களில் சேதம் தொடங்கியிருக்கும்.

இது ஏதோ பழைய வண்டிகளின் பிரச்சனை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனமே இதில் சிக்கியது. 1997 முதல் 2002 வரையிலான மாடல்களில் சில 2.2 லிட்டர், 3 லிட்டர் என்ஜின்களில் சகதி சேர்வதாகப் புகார்கள் குவிந்தன. உரிமையாளர்கள் ஆயிலை ஒழுங்காக மாற்றாததுதான் காரணம் என்றது நிறுவனம். ஒழுங்காகத்தான் மாற்றினோம் என்றார்கள் உரிமையாளர்கள். கடைசியில் 2002-ல் சுமார் 33 லட்சம் வாகனங்களுக்கு, வாங்கிய நாளிலிருந்து 8 ஆண்டுகள் வரை சகதியால் வரும் சேதத்தைச் சரிசெய்து தருவதாக நிறுவனம் அறிவித்தது. அதற்கும் ஆயில் மாற்றியதற்கான ஆதாரம் கேட்கப்பட்டது. ஆயில் மாற்றிய பில்லைத் தூக்கிப் போடாதீங்க என்று சொல்வது இதனால்தான்.

ஆயிலுக்குள்ளேயே அடிட்டிவ் இருக்கு!

தரமான என்ஜின் ஆயில் வெறும் எண்ணெய் மட்டும் அல்ல. அதில் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய். மீதி முழுக்க அடிட்டிவ் கலவைதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு.

டிடர்ஜென்ட்: பெரும்பாலும் கால்சியம், மெக்னீசியம் சேர்மங்கள். எரிபொருள் எரியும்போது உண்டாகும் அமிலத்தை முறித்து, சூடான பாகங்களில் படிவு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும்.

டிஸ்பர்சன்ட்: சகதிக்கு முதல் எதிரி இதுதான். கரித்துகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து கட்டியாகாமல், ஒவ்வொன்றையும் சுற்றிப் பிடித்து ஆயிலிலேயே மிதக்க வைக்கும். ஆயிலை வடிக்கும்போது அழுக்கும் சேர்ந்து வெளியே வந்துவிடும். டீசல் வண்டியில் புது ஆயில் சீக்கிரமே கறுப்பாவது இதனால்தான். நிறம் கறுத்தாலே ஆயில் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. அது தன் வேலையைச் செய்கிறது.

இவை தவிர தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகம்-பாஸ்பரஸ் சேர்மம், ஆயில் சீக்கிரம் கெட்டியாகாமல் தடுக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான், நுரை கட்டாமல் தடுக்கும் பொருள் என்று பட்டியல் நீளும். உப்பு, புளி, காரம் எல்லாம் அளவாகப் போட்டு இறக்கிய குழம்பு மாதிரிதான் இந்தக் கலவை. அதில் இன்னொரு ஸ்பூன் உப்பு போட்டால் ருசி கூடாது.

அளவு மீறினால் சிக்கலும் வரும். பாஸ்பரஸ் அதிகமானால் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பாழாகும். அதனால்தான் 5டபிள்யூ-30 போன்ற ஆயில்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இன்றைய தர விதிகள் சொல்கின்றன. வெளியிலிருந்து ஊற்றும் பாட்டிலால் அந்தக் கணக்கு மாறிவிடலாம்.

சீல் கசிவுக்கு பாட்டில் உதவுமா?

என்ஜினில் ஆயில் வெளியே வராமல் தடுப்பவை ரப்பர் ஆயில் சீல்களும் கேஸ்கெட்டுகளும். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து இந்த ரப்பர் இறுகிப்போகும், கொஞ்சம் சுருங்கவும் செய்யும். அந்த இடைவெளியில் ஆயில் கசியத் தொடங்கும்.

'ஸ்டாப் லீக்', 'சீல் கண்டிஷனர்' என்று விற்கும் பாட்டில்களில் பெரும்பாலும் எஸ்டர் போன்ற பொருட்கள் இருக்கும். ரப்பர் இவற்றை உறிஞ்சி லேசாக உப்பும், மிருதுவாகும். இடைவெளி குறையும். அதிக தூரம் ஓடிய வண்டிகளுக்கென்றே வரும் 'ஹை மைலேஜ்' ஆயில்களிலும் இதே உத்திதான். ஊற்றிய உடனே கசிவு நிற்காது. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகே வித்தியாசம் தெரியும்.

ஆனால், இது இறுகிய ரப்பருக்கு மட்டுமே மருந்து. கிழிந்த சீல், தேய்ந்த ஷாஃப்ட், உடைந்த கேஸ்கெட் எதுவும் பாட்டிலால் ஒட்டாது. அளவுக்கு மீறி ஊற்றினால் ரப்பர் ஊறிப்போய் பலம் இழக்கும்.

அப்படியிருந்தும் மெக்கானிக்குகள் சிலர் இதைப் பரிந்துரைக்க ஒரு நியாயமான காரணம் உண்டு. பல வண்டிகளில் என்ஜினின் பின்பக்க ஆயில் சீலை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். சீலின் விலை கொஞ்சம்தான், கூலிதான் பெரிய செலவு. லேசான கசிவு என்றால் அதற்கு முன் ஒருமுறை இதை முயன்று பார்ப்பதில் தவறில்லை.

'ஃபிளஷ்' பண்ணலாமா?

ஆயிலை வடிப்பதற்கு முன் ஊற்றி, சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, பழைய ஆயிலோடு சேர்த்து வடித்துவிடும் திரவம்தான் என்ஜின் ஃபிளஷ். ஒழுங்காகப் பராமரித்த வண்டியில் இதனால் பெரிய ஆபத்து இல்லை, பெரிய அவசியமும் இல்லை.

பல வருடம் கவனிக்காமல் விட்ட வண்டியில்தான் சிக்கல். படிந்திருக்கும் சகதி கரைவதற்குப் பதில் கட்டி கட்டியாகப் பெயர்ந்து, நேராகப் போய் ஸ்ட்ரெய்னரை அடைக்கும். "ஃபிளஷ் பண்ணின மறுவாரமே என்ஜின் போச்சு" என்று புலம்புவது இப்படித்தான் நடக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் சம்ப்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரைக் கையால் சுத்தம் செய்வதே பாதுகாப்பு. அதன் பிறகு தரமான ஆயில் ஊற்றி, வழக்கத்தைவிடச் சீக்கிரமே இரண்டு, மூன்று முறை ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினால், டிடர்ஜென்டும் டிஸ்பர்சன்டும் மீதியை மெதுவாகக் கரைத்து எடுத்துவிடும்.

சில இடங்களில் மண்ணெண்ணெய் அல்லது டீசலை ஊற்றி என்ஜினை ஓடவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இதை அனுமதிக்கவே கூடாது. ஆயில் நீர்த்துப்போனால் பேரிங்கில் இருக்க வேண்டிய மெல்லிய ஆயில் படலம் இருக்காது. சில நிமிடம்தானே என்றாலும் தேய்மானம் தேய்மானம்தான்.

பைக் வைத்திருப்பவர்கள் உஷார்!

பெரும்பாலான பைக்குகளில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். கிளட்ச் தட்டுகள் ஆயிலில் மூழ்கியே இருக்கும். உராய்வைக் குறைக்கும் அடிட்டிவை அதில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். ஆக்சிலேட்டர் முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறும், வேகம் ஏறாது. அதனால்தான் கியர் பைக்குகளுக்கு 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று போட்ட ஆயில் வாங்கச் சொல்கிறார்கள். கார் அடிட்டிவைப் பைக்கில் ஊற்றவே வேண்டாம்.

விளம்பரங்களை நம்பலாமா?

அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இந்தத் துறையில் பலமுறை தலையிட்டிருக்கிறது. தேய்மானத்தைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்த 'ஸ்லிக் 50' மீதான வழக்கு 1997-ல் சமரசத்தில் முடிந்தது. அறிவியல் ஆதாரம் இல்லாமல் அப்படி விளம்பரம் செய்ய மாட்டோம் என்று ஒப்புக்கொண்டது நிறுவனம். 2000-ல் 'டூரா லூப்' நிறுவனம் வாடிக்கையாளர்களுக்காக 20 லட்சம் டாலர் தர நேர்ந்தது.

பழைய கார் வாங்குபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஆயிலைக் கெட்டியாக்கும் அடிட்டிவை ஊற்றினால் புகையும் சத்தமும் தற்காலிகமாக அடங்கும். வண்டி கைமாறிய பிறகுதான் விஷயம் தெரியும். வாங்கும் முன் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். கறுப்புப் பிசின் அப்பியிருந்தால் பராமரிப்பு சரியில்லை. பால் கலந்த காபி நிறத்தில் நுரை இருந்தால் ஈரம் சேர்ந்திருக்கிறது, அல்லது ஹெட் கேஸ்கெட் போய் கூலன்ட் கலக்கிறது. மெக்கானிக்கிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

நினைவில் வைக்க வேண்டியவை

* கையேட்டில் சொன்ன தரத்தில் ஆயில் வாங்கி, நேரத்துக்கு மாற்றினால் தனி அடிட்டிவ் தேவையில்லை.
* கிலோமீட்டர் ஆகாவிட்டாலும், கையேட்டில் சொன்ன மாதக் கணக்கில் ஆயிலை மாற்றுங்கள்.
* ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்.
* வாரன்ட்டி இருக்கும் வண்டியில் எதையும் ஊற்றும் முன் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.
* லேசான கசிவுக்கு சீல் கண்டிஷனரை முயலலாம். சொட்டுச் சொட்டாக வடிந்தால் சீலைத்தான் மாற்ற வேண்டும்.
* சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், வண்டியை ஓரம் கட்டி உடனே என்ஜினை அணையுங்கள். "வீடு வரை போயிடலாம்" என்று நினைத்து ஓட்டினால், ஆயில் செலவில் முடிய வேண்டியது என்ஜின் செலவில் போய் நிற்கும்.