ஏழடி அகலம்



கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வழியாகப் புத்தளத்தை நோக்கிச் செல்லும் பழைய கால்வாயை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். கடலோரச் சமநிலத்தில் வெட்டப்பட்ட கால்வாய் அது. ஆனால், கால்வாய் ஒன்று குன்றின்மீது ஏற வேண்டுமாயின் என் செய்வது? நீர் பள்ளத்தை நாடுமேயன்றி மேட்டை நாடாதே! இவ்வினாவுக்கு ஆங்கில நாட்டார் கண்ட விடையை, இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள டார்டபிக் என்னும் சிற்றூரில், ஒரு பகல் முழுவதும் கையாற் சுழற்றியும் முதுகாற் தள்ளியும் நான் கற்றுக்கொண்டேன்.

என் தமையனார் மகன் அந்நாட்டிற் குடியேறியவன். விடுமுறையில் அவனிடம் சென்றிருந்தபோது, "சித்தப்பா, காரிலே பார்க்கிற ஊர் ஊரல்ல, படகிலே போய்ப் பார்க்க வேணும்" என்று சொல்லி, வூஸ்ரர் நகரையும் பேர்மிங்ஹாம் நகரையும் இணைக்கும் கால்வாயில் ஒடுக்கப் படகு ஒன்றை வாடகைக்கு அமர்த்தினான். ஒடுக்கப் படகு என்பது பெயருக்கேற்ற பொருள். இவ்வகைப் படகின் நீளம் எழுபது அடி வரையுஞ் செல்லும். அகலமோ ஏழடிக்கும் ஓரிரண்டு அங்குலம் குறைவு. சுக்கான் பிடியை இடப்புறம் தள்ளினாற் படகு வலப்புறம் திரும்பும். இது கைக்குப் பழகுமுன் கரையோரப் புதர்கள் இரண்டொன்றை விசாரித்துவிட்டோம். சட்டப்படி மணிக்கு நான்கு மைலுக்கு மேற் செல்லலாகாது. நாம் அவ்வேகத்தையும் எட்டவில்லை. கரையில் நாயுடன் நடந்து வந்த முதியவர் ஒருவர் எம்மை முந்திச் சென்றார்.

டார்டபிக் குன்றின் அடியிலே நீர்ப்பூட்டுகள் தொடங்குகின்றன. இரண்டு மைலுக்குச் சற்றுக் கூடிய தூரத்தில் முப்பது பூட்டுகள். மொத்த ஏற்றம் ஏறக்குறைய 220 அடி. பிரித்தானியாவிலே இதனினும் நீண்ட பூட்டுத் தொடர் வேறில்லை.

நீர்ப்பூட்டு என்பது இரு தலைப்பிலும் கதவிட்ட ஒரு கற்றொட்டி, அவ்வளவே. படகு கீழிருந்து வருகிறதென வைத்துக்கொள்வோம். தொட்டியின் நீர் வடிந்து கீழ்க்கால்வாயின் மட்டத்தில் நிற்கிறது. கீழ்க்கதவுகளைத் திறந்து, படகை உள்ளே செலுத்தி, கதவுகளை மூடுகிறோம். பின்னர் மேற்புறத்துச் சிறு மதகுகளை உயர்த்தினால், மேற்கால்வாயின் நீர் தொட்டிக்குட் பாய்கிறது; நீரோடு படகும் உயர்கிறது. இரு பக்கமும் மட்டம் ஒன்றானதும் மேற்கதவைத் திறந்து வெளியேறுகிறோம். இறங்கும் படகுக்கு இதே செயல் தலைகீழாக நிகழும். இத்தனைக்கும் எந்திரம் எதுவுமில்லை. மதகை உயர்த்துவதற்கு வளைந்த இரும்புக் கைபிடி ஒன்று. கதவைத் தள்ளுவதற்கு நம் கிணற்றுத் துலாவை நினைவூட்டும் நீண்ட மரம் ஒன்று.

கீழ்க்கதவுகள் இரண்டும் நேர்கோட்டில் மூடுவதில்லை. மேல்நீரை நோக்கிக் கூராகச் சாய்ந்து ஒன்றையொன்று தொடுகின்றன. ஆகவே நீர் எவ்வளவுக்கு அழுத்துகிறதோ அவ்வளவுக்கு அவை இறுகுகின்றன. லியனார்டோ டா வின்சி இத்தகைய கதவுகளை வரைந்த படம் இன்றும் உளது. மட்டம் ஒன்றாகும்வரை பத்துப்பேர் கூடித் தள்ளினும் கதவு அசையாது. ஒன்றானபின் ஒரு சிறுவன் முதுகைச் சாய்த்தாலும் போதும். நீரழுத்தத்தை நாம் வகுப்பிலே சுண்ணக்கட்டி தேய விளக்குகிறோம். இங்கே ஒரு மணி நேரம் நின்ற மாணவனுக்கு அவ்விளக்கம் வேண்டியிராது.

பத்தாவது பூட்டில் ஒரு தவறு செய்தேன். உயர்த்திய மதகு கீழே விழாது தடுக்கும் இரும்பு நாக்கைப் பொருத்தாமற் கைபிடியை விட்டுவிட்டேன். அது சக்கரம்போற் சுழன்று தெறித்து நீரில் விழுந்தது. என் கை அவ்விடத்தில் இருந்திருந்தால் முறிந்திருக்கும். அதன்பின் மருமகள் என்னிடம் கதவுகளை மாத்திரமே ஒப்படைத்தாள்.

கதவைத் தள்ளியபடியே மனத்துள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழடி அகலம், எழுபத்திரண்டு அடி நீளம், ஏழடி ஏற்றம் எனக் கொண்டால் 3,528 கன அடி; கன அடிக்கு ஆறேகாற் கலன் வீதம் ஏறக்குறைய 22,000 கலன் நீர். ஒரு படகை ஒரு படி ஏற்றுவதற்கு இத்தனை நீர் மேலிருந்து கீழே போகிறது! முப்பது படிக்கு முப்பது மடங்கு வேண்டுமோ என ஐயுறுவீர்கள். வேண்டாம். ஒரு பூட்டிலிருந்து வடியும் நீர் அதற்கு அடுத்த கீழ்ப்பூட்டுக்குப் பயன்படும். ஆயினும் உச்சியிலுள்ள கால்வாய், ஏறி வரும் ஒவ்வொரு படகுக்கும் ஒரு தொட்டி நீரை இழக்கிறது. படகு மறுபக்கத்தில் இறங்க வேண்டியிருந்தால் இன்னொன்றையும் இழக்கும். உச்சியிலே ஆறு ஏது? குளங்கட்டித் தேக்கியும், நீராவிப் பொறியால் இறைத்தும் அவ்விழப்பை நிரப்பினார்கள். டார்டபிக்கிலும் பூட்டுத் தொடரின் அருகே அத்தகைய நீர்த்தேக்கம் ஒன்று உண்டு.

ஏழடி என்னும் அளவு பிறந்த காரணமும் இதுவே. ஜேம்ஸ் பிரின்ட்லி என்பவர் ஆலைப் பொறிகளைச் செப்பனிடும் கைவினைஞர். சரிவர எழுதவும் அறியாதவர். பிரிட்ஜ்வோட்டர் கோமகனின் சுரங்க நிலக்கரியை மன்செஸ்ரருக்குக் கொண்டுசெல்லும் கால்வாய் அவர் உழைப்பால் 1761இல் திறக்கப்பட்டது. நகரிலே நிலக்கரி விலை பாதியாகக் குறைந்தது. பின்னர், 1766இல், திரென்ட் ஆற்றையும் மேர்சி ஆற்றையும் மேட்டு நிலத்தைக் கடந்து இணைக்க முற்பட்டபோது, நீரையும் கல்லையும் பணத்தையும் மிச்சம் பிடிப்பதற்காகப் பூட்டுகளை ஏழடி அகலத்தில் அமைத்தார். பின்வந்தோர் பலர் அவ்வளவையே பின்பற்றினர். நாம் சென்ற கால்வாயின் கதை சற்று வேடிக்கையானது. 1791இல் அனுமதி பெற்றபோது அகன்ற படகுகளையே எண்ணியிருந்தார்கள். சுரங்கவழிகளையும் அவ்வாறே அகலமாகக் குடைந்தார்கள். ஆனால் குன்றிலிருந்து இறங்கும் இடத்துக்கு வருமுன் பணம் கரைந்துவிட்டது. பூட்டுகள் ஏழடியாயின. கால்வாய் 1815இல் நிறைவெய்தியது.

பூட்டு ஏழடியென்றால் படகும் ஏழடிதான். ஒரு குதிரை கரையில் நடந்து இழுக்க, அப்படகு 25 முதல் 30 தொன் வரை பாரம் சுமந்தது. தெருவில் வண்டியிழுக்கும் குதிரையோடு ஒப்பிட்டால் அது பெரும் பாரம். புகையிரதத்தோடு ஒப்பிட்டால் அற்பம். இருப்புப்பாதைகள் பெருகவே கூலி விழுந்தது. படகோட்டி கரையிலிருந்த வீட்டு வாடகையையும் துணையாளின் சம்பளத்தையும் மிச்சம் பிடிப்பதற்கு ஒரு வழியைத்தான் கண்டான். மனைவி மக்களைப் படகில் ஏற்றினான். சரக்குக்கு இடம் வேண்டுமாதலால் குடும்பத்துக்குக் கிடைத்தது பின்புறத்திலே ஏறக்குறைய பத்தடி நீளமான அறையொன்று. அகலம், அதே ஏழடி. அதற்குள்ளே அடுப்பு, மடித்து வைக்கும் படுக்கை, கதவைக் கீழே விரித்தால் மேசையாகும் அலுமாரி. சுவரெல்லாம் ரோசாப் பூவும் கோட்டையும் வரைந்து அழகுபடுத்தினார்கள். இன்று அச்சித்திரங்களைக் கண்டு வியக்கிறோம். அவ்வறையில் ஐந்தாறு பிள்ளைகள் உறங்கியதையும் உடன் எண்ண வேண்டும்.

பிள்ளைகள் குதிரையை நடத்தினார்கள். பூட்டுக்கு முன்னோடிக் கதவு திறந்தார்கள். பாடசாலைக்குச் செல்லவில்லை. எங்ஙனம் செல்வது? காலையில் ஓரூர், மாலையில் வேறூர். சிறுவயதிற் செங்கற் சூளையில் உழைத்த ஜோர்ஜ் ஸ்மித் என்பவர் இவர்களுக்காக விடாது வாதாடினார். அதன் பயனாக 1877இலும் 1884இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. குடியிருக்கும் படகுகளைப் பதிவு செய்ய வேண்டும். அறையின் அளவுக்கு மேல் ஆட்கள் தங்கலாகாது. படகு பதியப்பட்ட ஊரே பிள்ளைகளின் ஊர் எனக் கொண்டு, அங்குள்ள பாடசாலை அவர்களுக்குப் பொறுப்பு. ஏட்டளவிற் குறைகூற இடமில்லாத ஏற்பாடு. ஆனால் படகு அவ்வூரில் நின்றாலன்றோ? வரவு இடாப்பு எழுதிப் பழகிய எனக்கு, பெயர் பதிந்திருக்கும் பிள்ளைக்கும் வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கும் உள்ள தூரம் தெரியாததன்று. இலண்டனுக்கு மேற்கே பிரென்ட்போர்ட் துறையில், படகோட்டிகளுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்குமாக 1904இல் ஒரு நிலையம் எழுந்தது. சரக்கு இறக்கும் நாட்களில் மாத்திரம் வந்த பிள்ளைகள் அங்கே எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். இருபதாம் நூற்றாண்டிலும் பெயரெழுத அறியாத படகோட்டிகள் பலர் இருந்தார்கள்.

முடிவு மெல்லவே வந்தது. 1948இல் கால்வாய்களுட் பெரும்பாலானவை அரசுடைமையாயின. 1962-63ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நீர் பல வாரங்கள் உறைந்து கிடக்க, படகுகள் அசையவில்லை. சரக்குகள் தெருவுக்குப் போயின, பெரும்பாலும் திரும்பவில்லை. கால்வாய்கள் தூர்ந்து மறையாதிருந்தமைக்கு டார்டபிக்குடன் ஒரு தொடர்புண்டு. எல். ரி. சி. ரோல்ட் என்ற எழுத்தாளர் 1941 முதல் 1946 வரை தம் படகை இங்கே கட்டி அதிலேயே வாழ்ந்தார். அவர் 1944இல் வெளியிட்ட நூலைப் படித்த ரொபேட் எய்க்மன் என்பவர் அவரை இங்கு வந்து சந்தித்தார். 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் பிறந்தது. அச்சந்திப்பை நினைவூட்டும் கல்லொன்று உச்சிப் பூட்டுக்கு அருகே நிற்கிறது.

பழகியவர்கள் நான்கைந்து மணி நேரத்தில் ஏறும் தொடரை நாம் ஏழு மணி நேரத்தில் ஏறினோம். கடைசிப் பூட்டு ஏனையவற்றினும் ஆழம் மிக்கது. சுவர்களிற் பாசி படர்ந்த அந்த இருட்டிலிருந்து மாலை வெயிலுக்குள் எழுந்தோம். அப்பாற் கட்டியிருந்த படகொன்றின் கூரையிலே, சீருடை மாற்றாத சிறுமி ஒருத்தி கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். உல்லாசப் பயணிகளோ என வினவினோம். அல்லர், வீட்டு வாடகை கொடுக்க இயலாமையாற் படகிலேயே வாழ்கிறார்களாம். நிரந்தரத் தரிப்பிடம் இல்லாத படகு, தக்க காரணமின்றி ஓரிடத்திற் பதினான்கு நாட்களுக்கு மேல் நிற்கலாகாதென்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம்.

"பாடசாலை எவ்வளவு தூரம்?" என்று தாயாரிடம் கேட்டேன்.

"இன்றைக்கு இரண்டு மைல். அடுத்த கிழமை ஐந்து மைலாகும்" என்றார்.