களைப்பையும் கணக்கில் எடுக்குமா அரசு?

புது தில்லி: தில்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கு உத்தரப் பிரதேசம், பிகார் மாநிலங்களில் இருந்து ரயிலேறி வரும் புற்றுநோயாளிகள் ஏராளம். நெரிசல் மிகுந்த புறநோயாளிகள் பிரிவில் மருத்துவர் ஒதுக்கும் சில நிமிடங்களில் கட்டியின் அளவும் ரத்தப் பரிசோதனை முடிவும் பேசப்படுகின்றன. ஒரு குடம் தண்ணீர் தூக்கவும் இயலாமல் வீட்டில் முடங்கச் செய்யும் களைப்பு பெரும்பாலும் பேசப்படாமலே போகிறது.

இது வழக்கமான களைப்பு அல்ல. செய்த வேலைக்குப் பொருந்தாதது. உறங்கி எழுந்தாலும் தீராதது. ரத்தசோகை, வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு, தைராய்டு சுரப்புக் குறைவு எனக் காரணங்கள் பல. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆனால், மருத்துவருக்குத் தெரிந்தால்தானே சிகிச்சை?

இந்த இடைவெளியைச் செல்பேசி நிரப்பக்கூடும். களைப்பின் கடுமையை 0 முதல் 10 வரையிலான எண்ணால் அன்றாடம் பதிவு செய்தால், உடல் எப்போது தெம்பாக இருக்கிறது என்பது சில நாள்களில் புலப்படும். முக்கிய வேலைகளை அந்த நேரத்துக்கு மாற்றிக் கொள்ளலாம். எண் 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம். களைப்பைக் குறைப்பதாக ஆய்வுகள் உறுதி செய்துள்ள நடைப்பயிற்சியையும் செல்பேசி நினைவூட்டும்.

நெதர்லாந்தில் உருவான 'அன்டயர்' செயலியை 799 பேரிடம் சோதித்த ஆய்வு 2020-இல் வெளியானது. 12 வாரங்களில், செயலியைப் பெற்றவர்களின் களைப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தது.

அமெரிக்காவில் முற்றிய புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 766 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2017-இல் வெளியானது. களைப்பு உள்ளிட்ட 12 அறிகுறிகளைக் கணினிவழி தெரிவித்தவர்களின் இடைநிலை (மீடியன்) உயிர்வாழ்காலம் 31.2 மாதங்கள், மற்றவர்களுக்கு 26 மாதங்கள். அறிகுறி கடுமையானால் செவிலியருக்கு உடனே எச்சரிக்கை சென்றது. கருவியைவிட, மறுமுனையில் கவனிக்க ஓர் ஆள் இருந்ததே முக்கியம்.

இந்தியாவில் 2022-இல் புதிதாக 14.61 லட்சம் பேருக்குப் புற்றுநோய் ஏற்பட்டதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மதிப்பிட்டது. ஆனால், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் செல்பேசி வைத்திருந்த பெண்கள் 54 சதவீதம்; கிராமங்களில் 47 சதவீதம் மட்டுமே. ஆங்கிலச் செயலி இவர்களுக்கு எட்டாக்கனி.

தாய்மொழியில் வாரம் ஒருமுறை ஒலிக்கும் தொலைபேசி அழைப்பு, எண்ணை அழுத்திப் பதில் சொல்லும் வசதி, அதைக் கவனிக்கும் செவிலியர் - தேவை இவ்வளவே. தொலைமருத்துவத்துக்கு 2019-இல் தொடங்கிய இ-சஞ்சீவனி இருக்கிறது. மருத்துவமனைகளை இணைக்க 2012-இல் உருவான தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பு இருக்கிறது. செவிலியரை நியமிக்க நிதி ஒதுக்கும் மனம்தான் மத்திய, மாநில அரசுகளுக்கு வர வேண்டும்.