நடுக்கடலில் மூச்சு வாங்கும் மோட்டார்

படகு மோட்டார் நடுவழியில் நின்றுவிட்டால், மேல்மூடியைக் கழற்றி ஸ்பார்க் பிளக்கைத் தேடுவதுதான் பலரும் முதலில் செய்யும் வேலை. சாங்கி, பொங்கோல் வட்டாரத்தில் பல ஆண்டுகளாக அவுட்போர்டு மோட்டார்களைப் பழுதுபார்த்து வருகிறேன். ‘நல்லா ஓடிக்கிட்டு இருந்தது, நின்னுபோச்சு’ என்று என்னிடம் வரும் மோட்டார்கள் பலவற்றில் மூடிக்குள் வேலையே இருப்பதில்லை. கோளாறு டேங்கிலோ குழாயிலோ இருக்கும். பெட்ரோல் இருக்கிறது, ஆனால் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை.

சின்னக் கோளாறுதான். ஆனால் சாங்கிக்கும் புலாவ் உபினுக்கும் இடையே அது நடந்தால் சின்ன விஷயமல்ல. மோட்டார் நின்ற படகை நீரோட்டம் தன் போக்கில் இழுத்துச் செல்லும். ஒரு பக்கம் மீன்பண்ணைகளின் கயிறுகள், இன்னொரு பக்கம் கப்பல்கள் போகும் பாதை, வடக்கே மலேசிய எல்லை. அதனால்தான் இந்தக் கோளாறைக் கரையிலேயே கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

பெட்ரோல் போகும் பாதை

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓல் எவின்ரூட் 1909ல் அவுட்போர்டு மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால் தனி டேங்க் வைத்த சிறிய படகுகளில் பெட்ரோல் வரும் வழி எளிமையானதுதான். டேங்குக்குள் ஓர் உறிஞ்சுகுழல், அதன் நுனியில் வலை. அங்கிருந்து ரப்பர் குழாய், நடுவில் கையால் அமுக்கும் பல்பு, பிறகு ஃபில்டர், பம்ப், கடைசியில் கார்புரேட்டர். இந்த வரிசையில் எந்த இடத்தில் அடைத்தாலும், எந்த இடத்தில் காற்று புகுந்தாலும் மோட்டாருக்குப் பட்டினிதான்.

மின்சாரக் கோளாறு என்றால் விளக்கை அணைத்ததுபோல் மோட்டார் சட்டென்று நிற்கும். பெட்ரோல் பட்டினி அப்படியில்லை. மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. வேகம் கூட்டிச் சில நிமிடங்கள் ஆனதும் மூச்சு வாங்கும், இழுவை குறையும், பிறகு அடங்கும். கொஞ்ச நேரம் விட்டுக் கிளப்பினால் மறுபடி ஓடும், மறுபடி அடங்கும்.

பல்பு சொல்லும் செய்தி

கருவி எதுவும் வேண்டாம், அந்த ரப்பர் பல்பே பாதி வைத்தியம் சொல்லிவிடும். மோட்டார் திணறும்போது ஒருவர் பல்பை அமுக்கிப் பார்க்கட்டும். உடனே உயிர் வந்தால், பெட்ரோல் வரும் வழியிலோ பம்பிலோதான் குறை. எவ்வளவு அமுக்கியும் மாற்றமில்லை, பல்பும் கெட்டியாகவே இருக்கிறது என்றால் ஃபில்டர், கார்புரேட்டர் பக்கம் பார்க்க வேண்டும்.

பல்பு சப்பிப்போய்க் கிடந்தால், அடைப்பு அதற்கு முன்னால், டேங்க் பக்கத்தில். எத்தனை முறை அமுக்கினாலும் கெட்டியாகவில்லை என்றால் எங்கோ காற்று புகுகிறது, அல்லது பல்பின் வால்வே தேய்ந்துவிட்டது. குழாயின் இணைப்பில் உள்ள ஓ-ரிங் வெடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் ஊர் வெயிலில் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும். அமுக்கும்போது பல்பின் அம்புக்குறி மோட்டாரைப் பார்த்து, மேல்நோக்கி இருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவரின் படகில் மீன்பிடிக்கப் போயிருந்தேன். சாங்கி ஓடையில் ஒழுங்காக வந்த மோட்டார், உபினின் கிழக்குப் பக்கம் வேகமெடுத்ததும் அடங்கியது. நண்பரின் கை நேரே மேல்மூடிக்குப் போனது. “தம்பி, மூடி இருக்கட்டும். முதல்ல நங்கூரத்தைப் போடு” என்றேன். படகு நின்ற பிறகு பல்பைத் தொட்டேன். சப்பையாக இருந்தது.

“காத்துத் திருகு திறந்துதான் இருக்கு அண்ணே” என்றார். பார்த்தேன், திறந்துதான் இருந்தது. மூடியைத் தளர்த்தியபோதும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கவில்லை. அப்படியானால் மிச்சம் உறிஞ்சுகுழல்தான். பேட்டரியைத் துண்டித்து, மோட்டார் ஆறும்வரை காத்திருந்து, குழலை வெளியே எடுத்தோம். வலை முழுக்கப் பழுப்பு நிறத்தில் பிசின். பல மாதம் கிடந்த பெட்ரோல் கெட்டுப்போய் உண்டானது அது. துணியால் துடைத்துப் பொருத்தி, மெதுவாகவே ஓட்டிக் கரை சேர்ந்தோம். டேங்கைக் காலி செய்து கழுவிய பிறகுதான் அந்தப் படகு மறுபடி கடலுக்குப் போனது.

தேக்காவில் ஒரு கேள்வி

ஞாயிறு மாலை தேக்காவில் டீ குடிக்கும்போது, ராமநாதபுரம், நாகப்பட்டினம் பக்கத்துத் தம்பிகள் ஊரிலுள்ள ஃபைபர் படகைப் பற்றிக் கேட்பார்கள். அங்கே மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்கள் உண்டு. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்டுவது நல்லது. இல்லாவிட்டால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்த நாள் கிளம்ப அடம்பிடிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் கூடுதல் கவனம் தேவை. அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீர் அளவுக்கு மீறினால் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். உறிஞ்சுகுழலின் வாயும் அங்கேதான் இருக்கிறது.

கிளம்பும் முன்

• காற்றுத் திருகைத் திறந்து, பல்பு கெட்டியாகும்வரை அமுக்குங்கள்.

• நீர் பிரிக்கும் ஃபில்டரில் தேங்கிய நீரை வடித்துவிடுங்கள்.

• படகுத்துறையை விட்டதும், ஆழமும் இடமும் பார்த்துச் சில நிமிடம் முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். மெதுவாக ஓட்டினால் இந்தக் கோளாறு தெரியாது.

• சந்தேகம் இருந்தால் சுத்தமான வேறொரு டேங்க், குழாயோடு ஓட்டிப் பாருங்கள். ஒழுங்காக ஓடினால் மோட்டார்மேல் பழியில்லை.

• பெட்ரோல் வேலை செய்யும்போது சிகரெட், தீப்பொறி அறவே கூடாது. பழைய பெட்ரோலைக் கடலில் ஊற்றுவது குற்றம், பட்டறையில் ஒப்படையுங்கள்.

• நின்றுவிட்டால் முதலில் உயிர்காப்பு அங்கி. அடுத்து, தடை இல்லாத இடமென்றால் நங்கூரம். ஆபத்தான இடமென்றால் தாமதிக்காமல் வானொலி அலைவரிசை 16ல் உதவி கேளுங்கள். பல்பு, ஃபில்டர் எல்லாம் அதற்குப் பிறகு.

ஓ-ரிங்கும் பல்பும் சில வெள்ளிதான். ஒரு செட் வாங்கிப் படகிலேயே வைத்திருங்கள்.