நின்ற காலம், நிற்காத வயது

ஊரடங்கில் இளைஞர்கள் தொலைத்த ஆண்டுகள் யார் கணக்கில்?

1,600 மீட்டரை 5 நிமிடம் 45 வினாடிக்குள் ஓடி முடிக்க வேண்டியிருந்தது. சிப்பாய் வேலைக்குத் தயாரான பீகார், ஹரியானா கிராமத்து இளைஞர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடமாக இருந்தது. அப்போது ஒரு வினாடி தாமதித்தாலும் வெளியே. வினாடிகளை எண்ணிப் பழகிய இவர்களிடமிருந்து கோவிட் முழுதாக இரண்டு ஆண்டுகளைப் பறித்துக்கொண்டது. தரைப்படைக்கு ஆள் எடுப்பது முடங்கியது. ஓட்டத்திலும் உடல் தகுதியிலும் தேறியவர்கள்கூட எழுத்துத் தேர்வுக்குக் காத்திருந்தார்கள். தேர்வு வரவில்லை, பிறந்தநாள் மட்டும் தவறாமல் வந்தது.

2020 மார்ச் 25-ல் 21 நாட்களுக்கென்று தொடங்கிய ஊரடங்கு மே 31 வரை நீண்டது. பள்ளிகள் அதன் பிறகும் திறக்கவில்லை. மணியோசையும் பஸ் நேரமும் இல்லாத வீடுகளில் திங்களுக்கும் ஞாயிறுக்கும் வித்தியாசம் மறைந்தது. ஓர் ஆண்டு முடிந்ததை உணர்த்துவது பரீட்சைதான். அதுவும் போயிற்று. 2021 ஜூன் 1-ல் சி.பி.எஸ்.இ. பிளஸ் டூ தேர்வு ரத்தானது. பத்தாம் வகுப்புக்கு 30, பதினொன்றுக்கு 30, பன்னிரண்டுக்கு 40 என்ற விகிதத்தில் மதிப்பெண் தரப்பட்டது. தேர்வு எழுதாமலே பள்ளி வாழ்க்கை முடிந்துவிட்டது.

நாட்கள் கலைந்தாலும் அரசின் காலண்டர் கலையவில்லை. மே 31-ல் நடக்கவிருந்த சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வு 2020 அக்டோபர் 4-க்குத் தள்ளிப்போனது. அதுவே பலருக்குக் கடைசி வாய்ப்பு. தொற்றுக் காலத்தில் சரியாகத் தயாராக முடியவில்லை, இன்னொரு முறை எழுத அனுமதியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சென்றார்கள். 2021 பிப்ரவரி 24-ல் மனு தள்ளுபடியானது.

சிப்பாய் கனவு கண்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2022 ஜூன் 14-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் நான்கே ஆண்டு வேலை என்றது. வயது வரம்பு 21 என்றது. ஊரடங்கு தொடங்கியபோது 20 வயதாக இருந்தவர் அதற்குள் 22-ஐத் தாண்டியிருந்தார். பீகாரில் ரயில்கள் எரிந்தன. ஜூன் 16 இரவு, இரண்டு ஆண்டுகளாக ஆள் எடுக்க முடியாததை ஒப்புக்கொண்ட அரசு, வரம்பை 23 ஆக்கியது, அந்த ஆண்டுக்கு மட்டும்.

தொலைந்த காலம் தாளில் திரும்பி வந்தது. ஆனால் 23-ஐயும் கடந்துவிட்டவர்களுக்கு அதுவும் இல்லை. பழைய விதிப்படி 21 வயதுக்குள் கிடைத்திருக்க வேண்டிய வாய்ப்பு அவர்களில் பலருக்குக் கிடைக்கவே இல்லை.